மாற்றமும் பொருத்தமும்



யாப்பும் அணியும் பேசப்படும் ஓர் அவையில், அதுவும் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், பழைய வேன் ஒன்றின் கியர்ப்பெட்டியைப் பற்றிய உரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், பழையதைக் காப்பது எவ்வாறு, புதியதைச் சேர்ப்பது எவ்வாறு என்னும் வினா கவிஞனுக்கு மட்டும் உரியதன்று. இரும்போடும் எண்ணெயோடும் பழகும் தொழிலாளியும் அதே வினாவின் முன் நிற்கிறான். கவிதையில் பொருந்தாத சொல்லை வைத்தால் திறனாய்வாளர் கண்டுபிடிக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். வண்டியில் பொருந்தாத உறுப்பை வைத்தால், சில மைல் தூரத்திற்குள் வண்டியே கண்டுபிடித்துவிடும்.

அமெரிக்க நாட்டின் செவ்ரலே நிறுவனம் 1971-ஆம் ஆண்டு மாதிரியாக ஒரு வேனை வெளியிட்டது. அதன் அடிப்படை வடிவம் பெரிதும் மாறாமல் 1996 வரை தொடர்ந்தது. குழாய்த் தொழிலாளியின் கருவிகளையும் பூக்கடையின் கூடைகளையும் இசைக் குழுவினரின் வாத்தியங்களையும் சுமந்த வண்டி அது. எழுபதுகளில் அந்நாட்டு இளைஞர்கள் அதன் பக்கச் சுவர்களில் ஓவியம் தீட்டி, உள்ளே கம்பளம் விரித்து, அதையே நடமாடும் வீடாக்கிக்கொண்டனர். எழுபதுகளில் பிறந்த அவ்வேன்கள் இன்று பழம்பெரும் வண்டிகளாகப் போற்றப்படுகின்றன. அவற்றுள் பலவற்றில் இருப்பது ‘டர்போ ஹைட்ராமேட்டிக் 350’ என்னும் மூன்று வேகத் தானியங்கிக் கியர்ப்பெட்டி. அதைக் கழற்றிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982-ஆம் ஆண்டு மாதிரிகளில் கொண்டுவந்த ‘700ஆர்4’ என்னும் நான்கு வேகப் பெட்டியை வைப்பது அங்கே பழைய வண்டிக்காரர்கள் நன்கறிந்த வேலை.

நன்றாக ஓடிய பெட்டியை ஏன் கழற்ற வேண்டும்? விடை சாலையில் இருக்கிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களின் முன் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்து நின்றன. 1974 ஜனவரியில், நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர், என்னும் வேக வரம்பு சட்டமாயிற்று. 1987-இல் ஊர்ப்புறத்து மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் 65 மைல் வரை அனுமதிக்க வழி பிறந்தது. 1995-இல் அந்தத் தேசிய வரம்பே நீக்கப்பட்டது. சாலையின் வேகம் உயர்ந்தது. பழைய வேனின் கியர்ப்பெட்டியோ அப்படியே நின்றுவிட்டது.

கணக்கு எளியது. சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம் என்றும், பின்னச்சின் பல்விகிதம் 3.73 என்றும் கொள்ளலாம். மணிக்கு 65 மைல் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 780 முறை சுழலும். 350-இன் மேல் கியரின் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே, எஞ்சின் நிமிடத்துக்கு 2,900 முறைக்குமேல் சுழன்றாக வேண்டும். 700ஆர்4-இன் நான்காம் கியரின் விகிதம் 0.70. அதே வேகத்துக்கு எஞ்சின் 2,040 முறை சுழன்றால் போதும். முதல் கியரிலும் ஆதாயம் உண்டு. 350-இன் முதல் கியர் 2.52, 700ஆர்4-இன் முதல் கியர் 3.06. சுமையோடு நிற்கும் வேன் மேட்டில் கிளம்புவதற்கு இது எளிது. எஞ்சின் இவ்வேன்களில் இரு முன்னிருக்கைகளுக்கும் இடையே ஒரு மூடிக்குள் இருக்கிறது. ஓட்டுநரின் முழங்காலருகில் நாள் முழுதும் அலறிக்கொண்டிருக்கும் எஞ்சின், பேச்சுக் கேட்கும் அளவுக்குத் தணிவது சிறிய வரம் அன்று.

இனி, தானியங்கிக் கியர்ப்பெட்டி என்பது யாது என்று பார்க்கலாம். ஒன்றையொன்று நோக்கி வைத்த இரு மின்விசிறிகளுள் ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி மூடினால் அதுவே திரவ இணைப்பு. இக்கருத்துக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்றார். அவர் எண்ணியது கார்களை அன்று. கப்பல் டர்பைனின் வேகத்தைக் கப்பலின் உந்துவிசிறிக்கு ஏற்பக் குறைப்பதையே. கப்பலுக்குப் பிறந்த அந்தக் கருத்து, 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஹைட்ராமேட்டிக்’ என்னும் பெயரில் சாலைக்கு வந்தது. பின்னர் இரு விசிறிகளுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு சிறு விசிறி சேர்ந்து, கிளம்பும்போது முறுக்குவிசையைப் பெருக்கித் தரும் டார்க் கன்வர்ட்டர் பரவலாயிற்று. அதன் பின்னே, நடுவில் சூரியனும் சுற்றிலும் கோள்களும் வெளியே ஒரு வளையமுமாக அமைந்த பல்சக்கரத் தொகுதிகள் இருக்கின்றன. எந்தச் சக்கரம் நிற்பது, எது சுழல்வது என்பதை எண்ணெயின் அழுத்தமே தீர்மானிக்கிறது. அந்த அழுத்தம் சரியாக இருந்தால் பெட்டி பல்லாண்டு வாழும். குறைந்தால் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கருகும்.

இந்த இடத்தில்தான் 350-க்கும் 700ஆர்4-க்கும் உள்ள உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. வண்டி எவ்வளவு சுமையோடு உழைக்கிறது என்பதைப் பெட்டி அறிந்தால்தான் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். 350 அதை எஞ்சினின் மூச்சிலிருந்து அறிகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழல் பெட்டிக்கு வருகிறது. எஞ்சின் இளைப்பாறும்போது அக்குழலில் வெற்றிடம் மிகும். மேட்டில் திணறும்போது வெற்றிடம் குறையும். அம்மாற்றத்தை உணர்ந்து பெட்டி தன் அழுத்தத்தைச் சரிசெய்துகொள்கிறது. 700ஆர்4-க்கு அத்தகைய குழல் இல்லை. கார்புரேட்டரின் நெம்புகோலிலிருந்து வரும் ஒரு கம்பியின் இழுப்பைக் கொண்டே அது எஞ்சினின் நிலையை அறிகிறது.

350-இலும் ஒரு கம்பி உண்டு. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கும்போது கீழ்க் கியருக்கு இறங்கு என்று சொல்வது மட்டுமே அதன் பணி. அது அறுந்துபோனாலும் வண்டி ஓடும். 700ஆர்4-இன் கம்பியும் பார்வைக்கு அதைப் போன்றதே. பணியோ முற்றிலும் வேறு. அது பெட்டியின் உயிர்நாடி. ஓட்டுநர் காலை மெல்ல அழுத்தும் ஒவ்வொரு கணத்திலும் அது சரியான அளவு நகர்ந்தாக வேண்டும். கார்புரேட்டர் நெம்புகோலில் அக்கம்பி கோக்கப்படும் துளை சிறிது இடம் மாறி இருந்தாலும், முழு மிதியில் சரியாக இருக்கும் இழுப்பு அரை மிதியில் குறைந்துவிடும். வேறு நிறுவனத்தின் கார்புரேட்டர் பொருத்திய வண்டிகளில் இதற்கென்றே தனித் தாங்கியும் இணைப்பும் வாங்கிப் பொருத்துகின்றனர். இதை அறியாதவர், பழைய கம்பியைப் போன்றதுதானே என்று ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வண்டியை எடுப்பார். பெட்டியில் அழுத்தம் போதாது. எஞ்சின் முழு வலிமையோடு உழைக்கும்போது பெட்டியோ அது இளைப்பாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். மிகுந்த பொருட்செலவில் புதுப்பிக்கப்பட்ட பெட்டி முதல் பயணத்திலேயே கருகிப்போகும். குறை பெட்டியிலும் இல்லை; எஞ்சினிலும் இல்லை. ஒன்று சொல்வது மற்றொன்றுக்குக் கேட்கவில்லை. அவ்வளவே.

வெண்பா எழுதிப் பழகியவர்களுக்கு இந்த நிலை புதியதன்று. முடிந்த வெண்பா ஒன்றின் நடுவே ஒரு சீர் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை என்று கொள்ளலாம். அதனினும் அழகிய சொல் ஒன்று கிடைக்கிறது. பொருளும் சிறக்கிறது. ஆனால், மாமுன் நிரையும் விளமுன் நேரும் காய்முன் நேரும் வரவேண்டும் என்னும் விதி அங்கே காத்து நிற்கிறது. புதிய சீர் தனக்கு முன் நிற்கும் சீரோடும் பின் நிற்கும் சீரோடும் தளை கொள்ள வேண்டும். எதுகை அச்சொல்லில் தங்கியிருந்தால் அடுத்த அடியும் அசையும். ஒரு சொல்லை மாற்றப் புகுந்தவர் இரண்டு அடிகளை மறுபடி எழுதி முடிப்பது உண்டு. நல்ல சொல் என்பதனாலேயே ஒரு சொல் அந்த இடத்துக்கு உரியதாகிவிடாது. கியர்ப்பெட்டிக்கும் இது பொருந்தும். வேனின் தளைகள் எவை என்று வரிசையாகக் காணலாம்.

முதல் தளை நீளம். இரண்டு பெட்டிகளும் செவ்ரலே எஞ்சினின் போல்ட் துளைகளோடு நேராகப் பொருந்துவன. பின்புறம் சொருகும் ஷாஃப்ட்டின் முனையும் இரண்டுக்கும் ஒன்றே. எனினும், ஆறு அங்குல வால்பகுதி கொண்ட 350-ஐவிட 700ஆர்4 ஏறத்தாழ மூன்று அங்குலம் நீளமானது. எனவே, பின்னச்சுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை அந்த அளவு குறுக்கி, மீண்டும் சமநிலை பார்க்க வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டமும் ஏறத்தாழ இரண்டு அங்குலம் பின்னே செல்ல வேண்டும். நீண்ட வால்பகுதி கொண்ட 350-களும் உள்ளன. அவற்றுக்கு இந்தக் கணக்கே மாறும். ஆதலால், வேறொருவர் வண்டியில் எடுத்த அளவை நம்பித் தன் வண்டியின் இரும்பை எவரும் அறுக்கலாகாது. வண்டியை உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, கீழே படுத்துத் தாமே அளக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே செல்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். பெட்டியின் எடையே எழுபது கிலோவை ஒட்டியது.

இரண்டாம் தளை டார்க் கன்வர்ட்டர். பெட்டியின் முன்முனையில் அது மூன்று படிகளாக உள்ளே இறங்கி அமர வேண்டும். உள் ஷாஃப்ட்டின் பற்களில் ஒன்று, நடு விசிறியைத் தாங்கும் குழாயின் பற்களில் ஒன்று, எண்ணெய்ப் பம்பின் பற்களில் ஒன்று. கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளினால், ஒவ்வொரு படியிலும் அது இறங்குவதைக் கை உணரும். இரண்டு படி இறங்கியதும் அமர்ந்துவிட்டது என்று எண்ணி எஞ்சினோடு இணைக்கப் போனால், பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே விரலளவு இடைவெளி நிற்கும். பொறுமை இழந்தவர் அந்த இடைவெளியைப் போல்ட்டை முறுக்கி மூடப் பார்ப்பார். போல்ட் வெல்லும், பம்ப் நொறுங்கும். சரியாக அமர்ந்த பெட்டி, கைவலிமையாலேயே எஞ்சினோடு ஒட்டி நிற்கும். அதன் பின்னும் கன்வர்ட்டர் தடையின்றிச் சுழல வேண்டும்; எஞ்சினின் சுழல்தட்டுக்கும் அதற்கும் இடையே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். போல்ட் என்பது பொருந்தியதைப் பிடித்து வைப்பதற்கே உரியது. பொருந்தாததைப் பொருத்துவதற்கு உரியதன்று.

மூன்றாம் தளை வெப்பம். 700ஆர்4-இன் கன்வர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது அது இறுகி, எண்ணெயின் வழுக்கலை நீக்கிவிடும். பிற்கால வண்டிகளில் இதற்கான ஆணையைக் கணினி கொடுக்கும். எழுபதுகளின் வேனில் கணினி இல்லை. எனவே, நான்காம் கியரில் மின்சாரம் செல்லவும், பிரேக்கை மிதித்தவுடன் துண்டிக்கவும் ஏற்ற எளிய மின்சுற்று ஒன்றை அமைக்க வேண்டும். அந்தக் கிளட்ச் இறுகாமலே நெடுந்தூரம் ஓடினால் எண்ணெய் கொதிக்கும். எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குச் செல்லும் குழாய்களையும் மறக்கலாகாது. பழைய பெட்டி தேய்ந்து கழிந்திருந்தால், அதன் உலோகத் துகள்கள் அக்குழாய்களில் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாமல் புதிய பெட்டியை இணைத்தால், இறந்த பெட்டியின் நோய் புதிய பெட்டிக்குத் தொற்றும்.

நான்காம் தளை வேகமானி. பெட்டியின் பின்பகுதியிலுள்ள சிறு பல்சக்கரம் ஒன்றே அதை இயக்குகிறது. பின்னச்சுக்கும் சக்கரத்துக்கும் ஏற்ற பற்களுடைய சக்கரத்தைத் தேர்ந்து வைக்காவிட்டால், வேகமானி பொய் சொல்லும். ஓட்டுநர் பொய்யை நம்பி ஓட்டுவார்.

இத்தனை தளைகளையும் கண்டபின் ஒரு கேள்வி எழுகிறது. இவ்வளவும் மாற்றிய பின் அது பழைய வேன்தானா? பழமையைப் பேணுவோர், பிறந்தபோது இருந்த உறுப்புகளோடு இருப்பதே மெய்யான வண்டி என்பர். அவர்கள் கூற்றில் மதிக்கத்தக்க உண்மை உண்டு. எவர் கையும் படாமல் எழுபதுகளின் நிலையிலேயே எஞ்சியிருக்கும் வேன் ஒரு வரலாற்று ஆவணம். அதில் கை வைப்பது தகாது. ஆண்டுக்குச் சில நாள் ஊருக்குள் மட்டும் ஓடும் வேனுக்கும் இம்மாற்றம் வேண்டுவதன்று. 350 எளிய, உறுதியான பெட்டி. அதைச் செப்பனிட்டு ஓட்டுவதே அறிவுடைமை.

ஆயினும், முழுமையான பழமை என்பது எட்டக்கூடிய ஒன்றா என்பதை அந்தப் பெட்டியின் எண்ணெயைக் கொண்டே ஆராயலாம். 1970-களின் தொடக்கம் வரை தானியங்கிக் கியர்ப்பெட்டி எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டு வந்தது. கிளட்ச் தட்டுகள் உராயும் தன்மையைச் சீராக வைக்க அதற்கு நிகரானது அந்நாளில் எளிதில் கிட்டவில்லை. 1970-இல் அமெரிக்க அரசு அத்திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் வேதியியலார் மாற்றுப் பொருள்களைத் தேடிக் கண்டனர். இன்று 1970-ஆம் ஆண்டின் பெட்டி ஒன்றைத் துளியும் மாற்றாமல் காத்து வைத்திருப்பவரும், அதில் அன்றைய எண்ணெயை ஊற்ற இயலாது, ஊற்றவும் கூடாது. கடலில் ஓர் உயிர் பிழைக்க, சாலையில் ஓர் எண்ணெய் மாறியது. மிகத் தூய பழைய வேனின் நரம்புகளிலும் ஓடுவது புதிய குருதியே. மாற்றம் வந்ததா என்று கேட்பதைவிட, வந்த மாற்றம் எவ்வளவு அறிவோடும் பணிவோடும் செய்யப்பட்டது என்று கேட்பதே பொருளுடையது.

பணிவு என்பதற்கு இத்துறையில் தெளிவான பொருள் உண்டு. பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் டுரின் சாசனம் என்னும் ஆவணத்தை ஏற்றது. பழைய வாகனத்தில் மாற்றம் தவிர்க்க முடியாதபோது, அது கண்ணை உறுத்தாததாகவும் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதும், கழற்றிய முக்கிய உறுப்புகளை வண்டியோடு காத்து வைக்க வேண்டும் என்பதும் அதன் நெறி. கியர்ப்பெட்டி மாற்றத்தில் இதைக் கடைப்பிடிப்பது அரிதன்று. வேனின் சட்டத்தை அறுக்காமல், குறுக்குச்சட்டத்தை மட்டும் போல்ட்டால் இடம் மாற்றலாம். பழைய ஷாஃப்ட்டை அறுக்காமல் வேறொரு ஷாஃப்ட்டைக் குறுக்கிக்கொள்ளலாம். கழற்றிய 350-ஐ எண்ணெய் வடித்து, வாய்களை அடைத்து, எந்த வண்டியிலிருந்து எந்த நாளில் கழற்றியது என்று சீட்டெழுதிக் கட்டி வைக்கலாம். பின்னொரு நாள் வேறொருவர் பழைய நிலையை விரும்பினால், அவருக்கு வழி அடைபட்டிராது.

தமிழில் இந்நெறிக்கு உயர்ந்த முன்மாதிரி உண்டு. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் தாம் ஏற்ற பாடத்தை மூலத்தில் வைத்தார். ஏனைய பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டினார். தம் தேர்வைத் துணிவோடு செய்தார். பின்வருவோர் வேறு தேர்வு செய்யும் உரிமையையும் அவர்களுக்கே விட்டுவைத்தார். சீட்டுக் கட்டிய பழைய கியர்ப்பெட்டியும் ஒரு பாடபேதமே. அதைப் பழைய இரும்புக்கு எடை போட்டு விற்பவர், அடிக்குறிப்பை அழித்த பதிப்பாசிரியருக்கு ஒப்பாவார்.

ஆகவே, மாற்ற வருபவர் முதலில் கற்க வேண்டியது புதியதன் பெருமையை அன்று; பழையது சத்தமின்றிச் செய்துவந்த பணியை. 350 எஞ்சினின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை அறிந்தவரே, 700ஆர்4-க்கு அதைக் கேட்கும் வழியை ஒழுங்காக அமைப்பார். மரபுக் கவிதையின் ஓசை எதைத் தாங்கி நின்றது என்பதை அறிந்தவரே, அதை நீக்கிய இடத்தில் வேறொன்றைத் தாங்கவைக்க வல்லவர்.

வேலை முடிந்ததும் எஞ்சினை இயக்கி, எண்ணெய் சூடேறிய பின் அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். சில நாள் ஓட்டத்துக்குப் பின் மறுபடியும் பார்க்க வேண்டும். எண்ணெய் தெளிந்த சிவப்பாக இருந்தால் பொருத்தம் நன்று. பழுப்பேறிக் கருகல் நாற்றம் வீசினால், எங்கோ ஒரு தளை தட்டியிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு, முதலில் அந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும்.